திருட்டுப் போன வாத்தியம் ஆன்லைனில் விற்பனைக்கு வந்தால்: பெங்களூரில் அதை மீட்பது எப்படி?

ஆடி மூன்றாம் வெள்ளி. ஸ்ரீராமபுரத்தில் ஒரு அம்மன் கோவில் கச்சேரி. முடியும்போது இரவு ஒன்றரை மணி. ஸ்பீக்கர், ஸ்டாண்ட், கீபோர்ட் எல்லாவற்றையும் டாடா ஏஸில் ஏற்றிவிட்டு, கோவிலில் மிச்சமிருந்த புளிசாதத்தைச் சாப்பிடப் போனோம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால் என் ரிதம் பேட் இருந்த கறுப்புப் பையை மட்டும் காணோம். ரோலண்ட் எஸ்.பி.டி.-30. குச்சியால் தட்டினால் பலவிதத் தாள வாத்தியச் சத்தம் கொடுக்கும் எலக்ட்ரானிக் பேட். தவில், உறுமி, பம்பை என்று எட்டு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்த கிட்கள் (ஒலித் தொகுப்புகள்) எல்லாம் அதற்குள்தான்.

பத்தொன்பது நாள் கழித்து, காலை ஆறு மணிக்கு எங்கள் கீபோர்ட் அண்ணன் ஒரு லிங்க் அனுப்பினார். “டேய், இது உன்னுது மாதிரி இல்ல?” பழைய பொருள் விற்கும் தளம் ஒன்றில் விளம்பரம். இடம் ஓசூர், விலை 28,000, “சார்ஜர் இல்லை” என்று ஒரு வரி. மூன்றாவது படத்தில் யாரிடமோ அடாப்டர் கடன் வாங்கிப் போட்டு ஆன் செய்திருக்கிறார்கள். திரையில் ஆங்கில எழுத்தில் “கரகம்” என்று இருந்தது. அந்தக் கிட்டுக்கு அந்தப் பெயரை அடித்து வைத்தவன் நான். வேறு யார் பேடிலும் அது இருக்க வாய்ப்பே இல்லை.

“இது என் பேட். எங்கிருந்து கிடைச்சுது?” என்று டைப் செய்துவிட்டேன். அனுப்பப் போகும் நேரத்தில் அண்ணனே போன் செய்தார். “ஒண்ணும் அனுப்பிடாத. நுணலும் தன் வாயால் கெடும்.” அந்த ஒரு மெசேஜ் போயிருந்தால் விளம்பரம் ஐந்து நிமிடத்தில் மறைந்திருக்கும், பேடும் அப்படியே. வாத்தியத்தைப் பறிகொடுத்த எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: உங்கள் கையில் காகிதம் சேரும்வரை விற்கிறவருக்கு எதுவும் தெரியக்கூடாது. கீழே இருப்பதெல்லாம் அந்தக் காகிதத்தைச் சேர்க்கும் வழி. வக்கீல் ஆலோசனை அல்ல. நான் அலைந்து தெரிந்துகொண்டது.

தேடுவது எப்படி

செல்போன் போனால் ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பிளாக் செய்யலாம். வாத்தியத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. நாமேதான் தேட வேண்டும்.

திருடியவனுக்கோ, அவனிடம் வாங்கியவனுக்கோ அது என்ன பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் மாடல் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். “டிஜே பேட்”, “எலக்ட்ரிக் டிரம்”, “தபேலா மிஷின்”, “மியூசிக் போர்டு” என்று என்னென்னவோ பெயரில் போடுவார்கள். எழுத்துப்பிழையோடும் தேடுங்கள். என்னுடையது “ரோலாண்டு பியானோ டிரம்” என்ற தலைப்பில் இருந்தது.

இடத்தையும் விரித்துப் பாருங்கள். பெங்களூரில் போன பொருளை பெங்களூரிலேயே விற்கிறவன் சோம்பேறித் திருடன். ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார், கே.ஜி.எஃப்., தும்கூர் வரை பார்க்க வேண்டும். ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வாத்தியக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் மூன்றையும் பாருங்கள். நேரம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கத்து சண்டே பஜாரையும் ஒரு சுற்று சுற்றலாம். அங்கே இருப்பதெல்லாம் திருட்டுப் பொருள் என்று நினைத்துக்கொண்டு முறைக்காதீர்கள். பாதிக்கு மேல் வீட்டைக் காலி செய்தவர்கள் போட்ட சாமான்தான்.

ஒரு சின்ன அடையாளம். கச்சேரிக்காரன் விற்கும்போது அடாப்டர், பை, ஸ்டாண்டு கிளாம்ப் எல்லாம் சேர்த்துத்தான் விற்பான். “சார்ஜர் இல்லை, பில் இல்லை, அர்ஜென்ட்” என்று மூன்றும் சேர்ந்து வந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். அடாப்டரை ‘சார்ஜர்’ என்று எழுதுகிறவன் பெரும்பாலும் இந்த வாத்தியம் தெரிந்தவனாக இருக்க மாட்டான்.

கண்டுபிடித்த முதல் அரை மணி நேரம்

விளம்பரம் எப்போது வேண்டுமானாலும் போய்விடும். உடனே செய்ய வேண்டியவை:

முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளம்பர எண், விற்பவரின் பெயர், போட்ட தேதி, இடம், விலை எல்லாம் தெரிய வேண்டும். லிங்கைத் தனியாக நகலெடுத்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். அதில் நேரம் பதிவாகிவிடும். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிச் சேமியுங்கள். அப்புறம் ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டு, தளத்தைத் திறப்பதிலிருந்து அந்த விளம்பரத்துக்குப் போய் விற்பவரின் மற்ற விளம்பரங்களைப் பார்ப்பது வரை ஒரே வீடியோவாக எடுங்கள். அதே ஆள் நாலு லேப்டாப், இரண்டு கேமரா விற்கிறாரா என்பது போலீஸுக்குப் பயன்படும்.

இதை எந்தப் போனில் எடுத்தீர்களோ அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் வைக்க வேண்டுமானால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். எந்தக் கருவியில், எப்படி எடுத்தோம் என்று அதில் எழுத வேண்டும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. விளம்பரத்தை ‘ரிப்போர்ட்’ செய்யாதீர்கள். தளம் அதை நீக்கினால் விற்பவன் உஷாராகிவிடுவான். “திருட்டுப் பொருள், யாரும் வாங்காதீங்க” என்று ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். பேண்ட் குழுவில்கூடப் போட வேண்டாம். நாற்பது பேர் இருக்கும் குழுவில் ஒருவராவது ஆர்வக்கோளாறில் அந்த நம்பருக்குப் போன் போட்டுவிடுவார்.

விளம்பரம் அதற்குள் மறைந்துவிட்டாலும் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒருவர் கணக்கை மூடிய பிறகும் அவர் பதிவு செய்தபோது கொடுத்த விவரத்தைத் தளம் 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆனால் அது உங்களுக்குக் கிடைக்காது. போலீஸ் எழுதிக் கேட்டால்தான் தருவார்கள். அதனால்தான் எஃப்.ஐ.ஆர். முக்கியம்.

அது உங்களுடையதுதான் என்று எப்படிக் காட்டுவீர்கள்?

“பார்த்தாலே தெரியுது சார்” என்பது நமக்குப் போதும், இன்ஸ்பெக்டருக்குப் போதாது. ஒரே மாடல் பேட் இந்த ஊரில் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

முதலில் சீரியல் எண். கீபோர்ட், பேட், மிக்ஸர் என்றால் பெரும்பாலும் அடியிலோ பின்பக்கம் பவர் ஜாக் அருகிலோ ஸ்டிக்கரில் இருக்கும். எலக்ட்ரிக் கிட்டார் என்றால் தலைப்பகுதியின் பின்னாலோ கழுத்து சேரும் இடத்தின் தகட்டிலோ இருக்கும். அக்கவுஸ்டிக் கிட்டாரில் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும் லேபிளில். பொருளே கையில் இல்லாதபோது இந்த எண்ணுக்கு எங்கே போவது? வாங்கிய அட்டைப்பெட்டியில் அதே எண் ஒட்டியிருக்கும், பரணில் பாருங்கள். கடை பில்லில் இருக்கலாம். வாரன்டி பதிவு செய்த மெயில், சர்வீஸ் கொடுத்தபோது தந்த ஜாப் கார்டு இவற்றிலும் கிடைக்கும். என் பெட்டியை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். இரண்டு வருடம் முன்பு ஒரு பேட் ரப்பர் மாற்றக் கொடுத்தபோது கிடைத்த ஜாப் கார்டுதான் என்னைக் காப்பாற்றியது.

சீரியல் எண் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. மரம் ஒவ்வொன்றும் ஒரு ரகம். கிட்டாரின் மேல்பலகையில் ஓடும் ரேகை, கைரேகை மாதிரி. பழைய கச்சேரிப் படத்தையும் விளம்பரப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினால், ஒரு முடிச்சோ கோடோ ஒத்துப்போகும். வயலினில் உள்லேபிளை நம்பாதீர்கள், ஆயிரம் வயலினில் அதே லேபிள் இருக்கும். தாடை படும் இடத்தில் வார்னிஷ் தேய்ந்த விதத்தைப் பாருங்கள்.

மிருதங்கம் வேறு கதை. வலந்தலை, தொப்பி (வலது, இடது பக்கத் தோல்கள்), இழுத்துக் கட்டும் வார் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் சமாச்சாரம். திருடியவன் புதுசாக மூட்டு (தோல்) மாற்றிவிட்டால் நமக்கே சந்தேகம் வந்துவிடும். மாறாதது கட்டைதான். பலாக்கட்டையில் ஒரு விரிசல், அதை அடைத்த மெழுகு, உள்ளே கடைந்த தழும்பு இவைதான் அடையாளம். உங்களுக்கு வழக்கமாக வார் பிடித்துக் கொடுக்கிறவரைக் கேளுங்கள். அவருக்குக் கட்டை நம்மைவிட நன்றாகத் தெரியும். வீணைக்கு மேளம் கட்டியவரும், அதாவது மெழுகு வைத்து மெட்டுகளைப் பதித்தவரும், அப்படித்தான்; தான் வைத்த மெழுகை அவர் எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஒருவர் ஸ்டேஷனில் வந்து “இது இவருடையது, நான்தான் வேலை பார்த்தேன்” என்று சொன்னால் அது பெரிய பலம்.

எலக்ட்ரானிக் வாத்தியத்தில் இன்னொரு வகை அடையாளம் உள்ளே இருக்கிறது. நீங்கள் பெயரிட்ட கிட், சேமித்த பேட்ச், கீபோர்டில் ஏற்றிய லூப், சில அரேஞ்சர் கீபோர்டுகளில் ஆன் செய்ததும் திரையில் வரும் உரிமையாளர் பெயர் எல்லாம் சாட்சிதான். பழைய யு.எஸ்.பி.யில் பேக்கப் இருந்தால் அதை எடுத்து வையுங்கள். அதிலும் அதே பெயர்கள், அதே வரிசை இருக்கும்.

ஸ்டேஷனில் சொல்ல வேண்டிய வார்த்தை

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். திருட்டு நடந்த மறுநாளே ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். “சார், பேட் காணாமப் போச்சு” என்றேன். நம் வாயில் எதற்கும் ‘காணோம்’தானே வரும்! அங்கிருந்தவர் அதைக் கன்னடத்தில் ‘களெதுஹோகிதே’ என்று எடுத்துக்கொண்டார். தொலைந்துவிட்டது என்று அர்த்தம். ஆன்லைனில் இ-லாஸ்ட் பதிவு செய்துகொள்ளச் சொன்னார். ரசீது வந்தது. அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்தொன்பது நாள் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த ரசீது தொலைந்த பொருளுக்கானது. அதை வைத்து யாரும் விசாரணை செய்ய மாட்டார்கள். திருட்டு என்றால் ‘களவாகிதே’ என்று சொல்லுங்கள். களவு நம் வார்த்தைதான், கன்னடத்திலும் அதுவேதான். புகாரிலும் ‘திருடப்பட்டது’ என்றே எழுதுங்கள். அல்சூர், சிவாஜிநகர், பாரதிநகர் பக்கத்தில் தமிழ் பேசும் போலீஸ்காரர்கள் இருப்பார்கள். ஆனாலும் புகாரைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொண்டுபோவது நல்லது. அவர்களே எழுதினால் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

புகாரில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒன்று, எங்கிருந்து போனது. 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ.வுக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சாதாரணத் திருட்டு 303-வது பிரிவு, மூன்று வருடம் வரை தண்டனை. வீட்டுக்குள்ளிருந்தோ, சரக்கு அல்லது பயணிகளை ஏற்றும் வாகனத்திலிருந்தோ திருடினால் 305-வது பிரிவு, ஏழு வருடம் வரை. “கச்சேரி இடத்தில் திருட்டு” என்று மொட்டையாக எழுதாமல் “சரக்கு வண்டியில் ஏற்றிய பிறகு வண்டியிலிருந்து திருட்டு” என்று எழுதினால் கேஸின் கனமே மாறும். வாடகைக்குக் கொடுத்த வாத்தியத்தை ஒருவர் திருப்பித் தராமல் விற்கிறார் என்றால் அது திருட்டில் வராது. நம்பிக்கை மோசடி, 316-வது பிரிவு. வாடகைச் சீட்டும், அவர் கொடுத்த ஆதார் நகலும், வாட்ஸ்அப் பேச்சும் அதற்கு வேண்டும்.

இரண்டு, மதிப்பு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், முதல்முறைத் திருட்டு கோர்ட் அனுமதியில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகையில் போய்விடக்கூடும். மைக், பெடல் மாதிரி சின்னப் பொருள் போனவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கூடப் போன கேபிள், பை, அடாப்டர், மெமரி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி விலை போடுங்கள். பொய்யாக ஏற்றாதீர்கள், விட்டுப்போகாமல் எழுதுங்கள், போதும்.

மூன்று, விளம்பரம். லிங்க், விளம்பர எண், தேதி, நேரம். பிரின்ட் எடுத்து இணையுங்கள். எழுத்து வேலை பார்க்கும் ஸ்டேஷன் ரைட்டர் கையில் ஒழுங்காக அடுக்கிய ஐந்து பக்கம் கொடுத்தால் அவர் வேலை பாதி முடிந்தது. நம்மை அவர் பார்க்கும் பார்வையும் மாறும்.

புகாரைப் பதிவு செய்ததும் எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. திருட்டு நடந்த இடம் அந்த ஸ்டேஷன் எல்லையில் இல்லாவிட்டாலும் புகாரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்பார்கள். எஃப்.ஐ.ஆருக்குப் பதில் ‘என்டார்ஸ்மென்ட்’ என்று ஒரு சீட்டு நீட்டினால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். புகாரின் சாரத்தை எழுதி டி.சி.பி. (துணை போலீஸ் கமிஷனர்) அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் வக்கீலை வைத்து மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது முறை போனபோது ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார். ஜாப் கார்டையும் ‘கரகம்’ தெரிந்த படத்தையும் பார்த்துவிட்டு, “இதை முதல்லயே காட்டியிருக்கலாமே” என்றார். முதலில் என்னிடம் அவை இல்லை என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

விற்பவரிடம் பேச வேண்டுமா?

போலீஸுக்குத் தெரிந்த பிறகு, அவர்கள் சொன்னால் மட்டும். அதுவும் உங்கள் கணக்கிலிருந்து வேண்டாம். உங்கள் புரொஃபைல் படத்தில் நீங்கள் அதே பேடை வாசித்துக்கொண்டிருப்பீர்கள்! அலுவலகத்தில் வேலை பார்க்கும், வாத்தியத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரின் கணக்கு நல்லது. எங்களுக்கு அண்ணனின் மச்சான் கிடைத்தார். “பையன் டிரம்ஸ் கத்துக்கிறான்” என்பது அவர் கதை.

வாங்க வருகிறவர் கேட்கிற கேள்விகளையே கேளுங்கள். “அடியில இருக்கிற ஸ்டிக்கரை ஒரு போட்டோ அனுப்புங்க, எந்த வருஷ மாடல்னு பார்க்கணும்” என்பது இயல்பான கேள்வி. மச்சானுக்கு இரண்டே நிமிடத்தில் படம் வந்தது. ஜாப் கார்டில் இருந்த எண்ணோடு அப்படியே ஒத்துப்போனது. ஸ்டிக்கர் கிழிக்கப்பட்டிருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். பேரமும் பேசுங்கள். பெங்களூரில் பேரம் பேசாமல் வாங்குகிறவன்தான் சந்தேகத்துக்குரியவன்.

முன்பணம் மட்டும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். திருட்டுப் போனதைத் தேடுகிறவர்களையே குறிவைத்து, பழைய படத்தை எடுத்துப்போட்டு ஏமாற்றுகிற கூட்டமும் உண்டு. “க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்” என்றால் உடனே வெளியே வாருங்கள். பணம் வாங்குவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். நண்பர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டும் போகாதீர்கள். தனியாகப் போனால் உங்களுக்கு ஆபத்து. கூட்டமாகப் போய்ப் பிடுங்கி வந்தால், உங்கள் மேலேயே வழிப்பறி என்று புகார் வரும். “காசு கொடுத்து வாங்கிட்டு வந்துடலாம், தொல்லை விட்டுது” என்று சிலர் சொல்வார்கள். எனக்கும் ஒரு நிமிடம் அப்படித் தோன்றியது. 28,000 கொடுத்துவிட்டு, அடுத்த ஆடிக்கு இன்னொருவனின் பேட் போவதற்கு முதலீடு செய்த மாதிரிதான் ஆகும்.

எங்கள் கேஸில் இன்னொரு சிக்கல், ஆள் ஓசூரில். அத்திபெலே தாண்டினால் தமிழ்நாடு. கர்நாடக போலீஸ் இன்னொரு மாநிலத்துக்குப் போவதென்றால் மேலதிகாரி அனுமதி வேண்டும், உள்ளூர் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்ல வேண்டும், நாள் பிடிக்கும். அதனால் எஸ்.ஐ. சொன்னபடி மச்சான் கேட்டார்: “சந்தாபுரா வரைக்கும் கொண்டு வர முடியுமா? பெட்ரோலுக்கு முந்நூறு ரூபாய் சேர்த்துத் தர்றேன்.” வந்துவிட்டான்.

பொருள் கைக்கு வரும் நாள்

சந்தாபுரா சிக்னல் பக்கம் ஒரு டீக்கடை. மஃப்டியில் கிரைம் ஸ்டாஃப் இரண்டு பேர், மச்சான், நான் கொஞ்சம் தள்ளி. வந்தவன் இருபத்திரண்டு வயதுப் பையன். ஒரு சபையில் டிரம்ஸ் வாசிக்கிறவன். சந்தையில் ஒருவரிடம் 9,000 கொடுத்து வாங்கியிருக்கிறான். சரியான அடாப்டர் கிடைக்காததால் விற்க நினைத்திருக்கிறான். போலீஸ் அடையாள அட்டையைக் காட்டியதும் அழுதுவிட்டான்.

இந்த இடத்தில் நாம் நிதானமாக இருக்க வேண்டும். விற்கிறவர் எல்லோரும் திருடர் இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய காரணம் இருந்தோ வாங்கினால்தான் 317-வது பிரிவு வரும். அதை முடிவு செய்வது போலீஸும் கோர்ட்டும். அதே சமயம், தெரியாமல் வாங்கியிருந்தாலும் பொருள் அவனுடையதாகிவிடாது. திருடனுக்கு இல்லாத உரிமையை அவனிடம் வாங்கியவனுக்கு அவனால் கொடுக்க முடியாது. 1930-ஆம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டம் 27-வது பிரிவு சொல்வதன் சுருக்கம் இது. “நானும் காசு கொடுத்துத்தான் வாங்கினேன், பாதியாவது கொடு” என்று கேட்டால் கோபப்படாமல் போலீஸ் பக்கம் கையைக் காட்டுங்கள். அந்தப் பையன் பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பியிருந்தான். அந்த ஒரு பரிவர்த்தனைதான் போலீஸை அடுத்த ஆளிடம் கொண்டுபோனது. அவனை விரட்டியிருந்தால் அது கிடைத்திருக்காது.

போலீஸ் பொருளைக் கைப்பற்றும்போது ‘மகஜர்’ எழுதுவார்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். இப்போது கைப்பற்றுவதை வீடியோவாகவும் எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மகஜரில் சீரியல் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ‘ஒரு கறுப்பு நிற மியூசிக் சாதனம்’ என்று மட்டும் எழுதினால் பிறகு கோர்ட்டில் நாம்தான் தவிப்போம். எங்கள் மகஜரில் எட்டுக்குப் பதில் மூன்று விழுந்திருந்தது. சொன்னதும் திருத்தினார்கள்.

அன்றே பேடைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அது நடக்காது.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு

கைப்பற்றிய பொருள் கேஸ் சொத்து. அதற்கு ஒரு பி.எஃப். (பிராபர்ட்டி ஃபார்ம்) எண் போட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத் தெரிவிப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; இனி உங்கள் பேடின் பெயர் அதுதான். பொருளைத் திரும்பப் பெற கோர்ட்டில் மனுப் போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451, 457 என்று வக்கீல்கள் சொல்வது, புதியதில் 497, 503. இதற்குப் பெரிய வக்கீல் தேவையில்லை. ஸ்டேஷன் எந்தக் கோர்ட்டின் கீழ் வருகிறது என்று ரைட்டரிடம் கேட்டுக்கொண்டு, அந்த வளாகத்தில் கிரிமினல் கேஸ் பார்க்கும் ஒரு ஜூனியர் வக்கீலைப் பிடித்தால் போதும்.

மனுவோடு வைக்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர். நகல், பில் அல்லது ஜாப் கார்டு, நீங்கள் அதை வாசிக்கும் பழைய படங்கள், ஆதார், அஃபிடவிட். போலீஸ் ‘ஆட்சேபணை இல்லை’ என்றால் வேகமாக நகரும். கோர்ட் ஒரு பாண்டு கேட்கும், சில சமயம் ஜாமீன்தாரும். பொருளை விற்க மாட்டேன், மாற்ற மாட்டேன், கூப்பிட்டால் கொண்டு வந்து காட்டுவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

“கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது: கைப்பற்றிய பொருட்களைத் தேவைக்கு மேல் ஸ்டேஷனில் போட்டு வைக்கக் கூடாது, பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். புதிய சட்டத்தின் 497-வது பிரிவும், பொருளின் விவரப் பட்டியலை 14 நாளுக்குள் தயாரித்து, படம் எடுத்து, அதற்குப் பின் 30 நாளுக்குள் என்ன செய்வதென்று உத்தரவிடச் சொல்கிறது. வாத்தியத்துக்கு இது வெறும் சட்டப் பேச்சு இல்லை. ஸ்டேஷன் ஸ்டோரில் மழைக்காலம் முழுக்க ஒரு வீணையோ மிருதங்கமோ கிடந்தால் திரும்பி வருவது விறகுதான். தோல், மரம், மெழுகு உள்ள வாத்தியம் என்றால் ஈரத்தில் கெட்டுவிடும் என்பதை மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சில சமயம் போலீஸே மீட்ட பொருட்களை மைதானத்தில் வரிசையாக வைத்து, உரியவர்களைக் கூப்பிட்டுக் கொடுக்கும் ‘பிராபர்ட்டி பரேட்’ நடத்துவார்கள். நகைக்கும் பைக்குக்கும் நடுவில் உங்கள் கிட்டாரும் இருக்கலாம். போட்டோவுக்கு நின்றுவிட்டு வாங்கி வாருங்கள். கோர்ட் உத்தரவு இருக்கிறதா என்று மட்டும் அதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னும் திருடு போகாதவர்களுக்கு

இன்று இரவே செய்யக்கூடிய வேலை. சீரியல் ஸ்டிக்கரைப் படம் எடுத்து மெயிலில் போட்டுக்கொள்ளுங்கள். பில்லை ஸ்கேன் செய்யுங்கள். வாத்தியத்தோடு நீங்கள் இருக்கும் படம் ஒன்று, கீறல்களின் நெருக்கப் படம் நாலு. எலக்ட்ரானிக் என்றால் ஒரு கிட்டுக்கோ பேட்சுக்கோ உங்கள் பெயரைக் கொடுங்கள். பேக்கப்பை வேறு பையில் வையுங்கள். தனி எண் இல்லாத மைக்கில் உள்பக்கம் இரண்டு எழுத்தைக் கீறி வையுங்கள். கச்சேரி முடிந்ததும் ஒருவர் வண்டியிலேயே இருக்கட்டும். அவருக்குப் புளிசாதத்தை வண்டிக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

என் பேட் ஆவணியில் போலீஸ் கைக்கு வந்து, ஐப்பசியில் என் கைக்கு வந்தது. ஆன் செய்தால் ‘கரகம்’ அப்படியே இருந்தது. உறுமியை மட்டும் அந்தப் பையன் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஏதோ தபேலா வைத்திருந்தான். பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்றிக்கொண்டேன். அடியில் சாட்சிகளின் கையெழுத்தோடு மகஜர் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. கேஸ் முடியும்வரை பிய்க்கவும் கூடாது, பேடை விற்கவும் கூடாது. புது மாடலுக்கு எக்ஸ்சேஞ்சில் மாற்றலாம் என்று தீபாவளிக்குத் திட்டம் போட்டிருந்தேன். கடைக்காரர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதை முதல்ல உள்ள வைங்க” என்றார்.